தொப்புள் குடலிறக்கம்: திருகோணமலையில் காத்திருப்பின் விலை

நிலாவெளிக் கரையில் கரைவலை இழுக்கும் நேரம் போய் நின்றால், சாரத்தை மடித்துக் கட்டி, வெற்றுடம்போடு கயிறு பிடித்துப் பின்னடி வைத்து நடக்கும் வரிசையில் எவராவது ஒருவருக்குத் தொப்புள் வெளியே தள்ளி நிற்பதைக் காணலாம். சிலருக்குப் பாக்களவு, சிலருக்குத் தேசிக்காயளவு. கேட்டால், “அது கனகாலமா இருக்கு, நோவொண்டும் இல்லை” என்பார்கள். படுத்தால் உள்ளே போய்விடும், இருமினால் வெளியே வரும், வேலைக்கு இடைஞ்சல் இல்லை. பெண்களிடம் இதே வீக்கம் சேலைக்குள்ளும் சட்டைக்குள்ளும் மறைந்திருப்பதால் வெளியாரின் கண்ணில் படுவதில்லை. ஆனால் பெரியவர்களின் தொப்புள் குடலிறக்கம் ஆண்களைவிடப் பெண்களுக்கே கூடுதலாக வரும் என்றுதான் பழைய பாடநூல்கள் எழுதின.

இதற்கான சத்திரசிகிச்சை சிறியது. அதை எப்படிச் செய்வது என்ற சர்ச்சை கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ ஓய்ந்துவிட்டது. திருகோணமலை போன்ற மாவட்டத்தில் பிரச்சினை கத்தியிலோ தையலிலோ இல்லை. வீக்கத்தைக் கண்ட நாளுக்கும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் போகும் நாளுக்கும் இடையிலான இடைவெளியில்தான் இருக்கிறது. அந்த இடைவெளி நீளும்போது நோயாளி உயிராபத்தை மட்டும் விலைக்கு வாங்குவதில்லை. நல்ல சிகிச்சை கிடைக்கும் வாய்ப்பையும் சேர்த்து இழக்கிறார்.

தாயின் வயிற்றில் இருந்தபோது தொப்புள்கொடி நுழைந்த வழிதான் தொப்புள். பிறந்தபின் கொடி சுருங்கி விழ, வயிற்றுச் சுவரின் நடுக்கோட்டில் இருந்த அந்த வளையம் தழும்பாகி மூடிக்கொள்கிறது. கைக்குழந்தைகளில் இது சரியாக மூடாமல் புடைத்தால் பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானாகவே மூடிவிடும். வளர்ந்தவர்களின் கதை வேறு. மூடியிருந்த தழும்பு, குறிப்பாக அதன் மேல் விளிம்பு, தளர்ந்து திறக்கிறது. முதலில் வயிற்றுச் சவ்வுக்கு வெளியே உள்ள கொழுப்பு எட்டிப் பார்க்கும், பிறகு குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரை, கடைசியில் குடலே வரலாம். ஒருமுறை திறந்த வழி தானாக மூடுவதில்லை. பத்தியமும் பற்றும் எண்ணெயும் அதை மூடா.

காரணம் என்ன என்று கேட்டால் துறைமுக மாவட்டத்தில் ஒரே பதில்தான் வரும்: பாரம் தூக்கியது. சீனக்குடாவில் மா ஆலையும் சீமெந்துத் தொழிற்சாலையும், புல்மோட்டையில் கனியமணல், கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் நெல்மூட்டை என்று தோளில் மூட்டை ஏறிய வாழ்க்கை இங்கே பலருடையது. ஆகவே அந்தப் பதில் இயல்பானது. பாரத்தைக் குற்றவாளியாக்குவதற்கு நீண்ட வரலாறும் உண்டு. 1795இல் திருகோணமலையைக் கைப்பற்றிய பிரித்தானியக் கடற்படை, அதன் பின்வந்த நெப்போலியன் போர்க்காலத்தில் குடலிறங்கிய மாலுமிகளுக்கென்று ஆயிரக்கணக்கான கச்சைகளை வழங்கியது. பாய்மரக் கயிறும் பீப்பாயும் பீரங்கியும் இழுத்தவர்களுக்கு அது தொழில் நோயாகவே கருதப்பட்டது. கச்சை கட்டும் பழக்கம் இன்றும் போகவில்லை. தொப்புளைப் பொறுத்தவரை அது துளையை மூடுவதில்லை, தோலைப் புண்ணாக்குவதோடு சரி.

ஆனால் ஆய்வுகள் பாரத்தின் மீது இவ்வளவு உறுதியாகக் குற்றம் சுமத்துவதில்லை. தொப்புள் குடலிறக்கத்துக்கு வலுவான காரணங்களாக நிலைத்திருப்பவை வயிற்றுக்குள் நீண்ட நாள் நீடிக்கும் அழுத்தங்கள்: பருத்த வயிறு, அடுத்தடுத்த கர்ப்பங்கள், ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கட்டுதல், புகைப்பவரின் ஓயாத இருமல். பாரம் தூக்குதல் பல வேளைகளில் இருந்த துளையை வெளிக்காட்டும் தருணமே தவிர, துளையை உண்டாக்கிய காரணம் அல்ல. ஈரல் இறுகி வயிற்றில் நீர் கோர்த்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத் தொப்புள் குடலிறக்கம் வருகிறது. இவர்களுடைய தோல் மெலிந்து வெடித்து நீர் வெளியே வழிவதும் உண்டு. அப்போது நிலைமை மிகவும் மோசம். மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் உள்ள பதவிசிறிபுர காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவிய பகுதிகளில் ஒன்று. அந்த நோயின் கடைசிக் கட்டத்தில் வயிற்றுக்குள் திரவம் ஏற்றி இரத்தத்தைச் சுத்திகரிப்பவர்களுக்கும், திரவத்தின் அழுத்தத்தால் இதே இடம் திறக்கிறது. கரைவலைக்காரரையும் பதவிசிறிபுர விவசாயியையும் ஒரே சத்திரசிகிச்சைக்கு உரியவர்களாக எண்ணிவிட முடியாது. முதலாமவருக்குத் துளையை அடைத்தால் போதும். இரண்டாமவருக்கு வயிற்றுக்குள் இருக்கும் அழுத்தத்தை முதலில் கவனிக்காமல் துளையை அடைத்தால் அது திரும்பத் திறக்கும்.

இந்த நோயால் இறந்தவர்களில் உலகம் அறிந்தவர் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜோர்ஜின் மனைவி கரோலின். 1724இல் கடைசிப் பிள்ளையைப் பெற்றபின் தொப்புளில் வீக்கம் கண்டது. அரசி அதை 13 ஆண்டுகள் மறைத்தார். அரண்மனை வைத்தியர்களுக்கும் சொல்லவில்லை. 1737 நவம்பர் 9ஆம் திகதி கடும் வயிற்றுவலியும் வாந்தியும் வந்தபோது கூட வாய் திறக்கவில்லை. பல நாள் வேறு வேறு மருந்துகள் கொடுத்துத் தோற்றபின் மன்னரே விசயத்தை வெளியிட்டார். ரான்பி என்ற சத்திரவைத்தியர் கத்தி வைத்தார். மயக்கமருந்து இல்லாத காலம். குடல் அழுகி வெடித்தது, நவம்பர் 20இல் அரசி இறந்தார். அதே நூற்றாண்டில், அதே நாட்டில், செசல்டன் என்ற சத்திரவைத்தியர் ஓர் ஏழைக் கிழவியின் தொப்புள் வழியே வெளிவந்து அழுகிய, இரண்டடிக்கும் மேற்பட்ட குடலை வெட்டி எடுத்தார். தொப்புளருகே மலம் போகும் வழியோடு அந்த மூதாட்டி பல ஆண்டுகள் வாழ்ந்தார். ஒருவர் அரண்மனையிலும் மற்றவர் அன்னசத்திரம் போன்ற ஏழைகள் இல்லத்திலும் இருந்தவர்கள். வெட்கத்தோடும் தாமதத்தோடும் ஒப்பிட்டால் செல்வத்தின் பங்கு சிறிது என்பதற்காகவே இவ்விரு கதைகளையும் அடுத்தடுத்து வைக்கிறேன்.

ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைத் துளையின் வடிவம் சொல்லும். தொப்புள் துளைக்கு விளிம்பு விறைப்பு, வாய் ஒடுக்கம். உள்ளிருந்து வந்தது திரும்பிப் போகாமல் சிக்கிக்கொண்டால் முதலில் நாளத்தின் இரத்தம் தேங்கும், வீங்கும், வீங்கியதால் இன்னும் இறுகும், பிறகு இரத்தம் வருவதே நின்றுவிடும். வீக்கம் கல்லாகி, தோல் சிவந்து கறுத்து, வாந்தி தொடங்கி, மலமும் காற்றும் நின்றால் மணித்தியாலக் கணக்கில்தான் நேரம் இருக்கிறது. அந்த வீக்கத்தை வீட்டில் அழுத்தி உள்ளே தள்ளக் கூடாது.

அப்படியானால் தொப்புள் தள்ளியவர் எல்லாரும் நாளைக்கே சத்திரசிகிச்சைக்குப் போக வேண்டுமா? இல்லை. வயிற்றுச் சுவர்க் குடலிறக்கத்துடன் காத்திருந்தவர்களைப் பின்தொடர்ந்து 2016இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வில், ஐந்து ஆண்டுகளில் அவசரச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டோர் நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான். வலியில்லாத சிறிய வீக்கம் உள்ளவர், வேறு நோய் மிகுந்தவர், எடையைக் குறைக்க முயல்பவர் ஆகியோர் காத்திருப்பது நியாயமே. ஆனால் டென்மார்க்கில் காத்திருப்பதும் கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் மூதூரில் காத்திருப்பதும் ஒன்றா? அந்த நான்கு பேருக்கு அங்கே இரவில் எந்நேரமும் அம்புலன்ஸும் கூடமும் உண்டு என்ற அடிப்படையில்தான் ‘பாதுகாப்பானது’ என்ற சொல் நிற்கிறது.

2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்கு வர, துறையடியில் பாதைக்குக் காத்து நிற்க வேண்டியிருந்தது. வாகனங்களைத் தட்டில் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவையைக் கிழக்கில் பாதை என்போம். மூதூர்க்காரருக்குக் குடாவைக் கடக்கும் படகு, இல்லையேல் ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகளில் ஏறி இறங்கும் தரைவழி. 2006 ஓகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டு ஊரே இடம்பெயர்ந்தபோது திட்டமிட்ட சத்திரசிகிச்சை என்ற பேச்சுக்கே இடமில்லை. குண்டுக் காயம் வரிசையில் நிற்கும்போது தொப்புள் வீக்கத்தை யார் பார்ப்பது? போர்க்காலத்தில் ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது, வலிக்காததைத் தள்ளிப்போடுவது. பாலங்கள் வந்தபின்னும் அந்தப் பழக்கம் கரையேறவில்லை. பாலமும் எல்லா இடத்துக்கும் வந்துவிடவில்லை: 2021 நவம்பர் 23இல் குறிஞ்சாக்கேணியில் இழுவைப்படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தது, பாலம் கட்டி முடியாத இடைவெளியில்தான்.

கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆகிய ஊர்களில் தள வைத்தியசாலைகளும் நகரில் மாவட்டப் பொது வைத்தியசாலையும் இருக்கின்றன. அரச வைத்தியசாலையில் கட்டணம் இல்லை. ஆனால் நடு இரவில் வயிற்றைத் திறக்க, சத்திரசிகிச்சை நிபுணரும் மயக்கமருந்து நிபுணரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். 2022க்குப் பின் வைத்திய நிபுணர்கள் வெளிநாடு போனதால் முதலில் காலியானவை தூர மாவட்டங்களின் நாற்காலிகள். அவசரத்தில் நோயாளி இடம்மாற்றப்படும் ஒவ்வொரு கிலோமீற்றரும் குடலுக்குப் போகாத இரத்தத்தின் கணக்கில் சேர்கிறது.

சத்திரசிகிச்சை முறைக்கு வருவோம். 1867இல் அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழில் ‘இரண வைத்தியம்’ என்ற சத்திரசிகிச்சை நூலைக் கொண்டுவந்தபோது, வயிற்றைத் திறந்து மூடி நோயாளியை உயிரோடு வீட்டுக்கு அனுப்புவது உலகில் எங்குமே உறுதியில்லாத காரியம். நுண்ணுயிர் பற்றிய அறிவு பரவியபிறகுதான் அது கைகூடியது. 1901இல் அமெரிக்காவின் வில்லியம் மேயோ தொப்புள் குடலிறக்கத்துக்கு ஒரு முறையை எழுதினார்: துளையைக் குறுக்கே விரித்து, மேல் விளிம்பைக் கீழ் விளிம்பின் மீது படியவைத்து இரண்டு வரிசையாகத் தைப்பது. அரை நூற்றாண்டுக்கும் மேல் அதுவே சட்டம். குறை அதன் இழுவிசையில் இருந்தது. தளர்ந்த தசைநாரையே இழுத்துப் பிடித்துத் தைத்தால், ஒவ்வொரு இருமலிலும் நூல் தசைநாரை அறுத்துக்கொண்டே போகும்.

இழுக்காமல் அடைப்பதற்கு ஒட்டுத்துணி வேண்டும். 1954இல் இத்தாலியின் ஜூலியோ நாட்டா பொலிபுரொப்பிலீனைத் தயாரித்தார். சில ஆண்டுகளில் ஹியூஸ்டனின் பிரான்சிஸ் அஷர் அதைப் பின்னி வயிற்றுச் சுவருக்கான வலையாக்கினார். நெல்லும் பசளையும் வரும் வெள்ளை மூட்டைச் சாக்குகளும் இதே பொலிபுரொப்பிலீன்தான். தோளில் ஏறும் சாக்கும் பிறகு வயிற்றில் தைக்கும் வலையும் ஒரே இரசாயனக் குடும்பம் என்பதைத் துறைமுகத்தில் எத்தனை பேர் அறிவார்கள்?

வலை தேவையா, தையல் போதுமா என்பதற்கு இரண்டு ஆய்வுகள் பதில் சொன்னன. 2001இல் ஸ்பெயினில் 200 பேரை இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வில், தையல் மட்டும் போட்டவர்களில் 11 சதவீதத்தினருக்குக் குடலிறக்கம் திரும்ப வந்தது. வலை வைத்தவர்களில் 1 சதவீதத்தினருக்கே வந்தது. 2018இல் நெதர்லாந்து, ஜேர்மனி, இத்தாலி வைத்தியசாலைகள் 12 சேர்ந்து, 1 முதல் 4 சென்ரிமீற்றர் வரையான துளை கொண்ட 300 பேரை ஆராய்ந்தன. முடிவு: தையலில் 12 சதவீதம், வலையில் 4 சதவீதம். சிறிய துளைக்கு வலை மிகை என்று வாதிட்டவர்களுக்கு இது சங்கடமான செய்தி. 2020இல் ஐரோப்பிய, அமெரிக்கக் குடலிறக்கச் சங்கங்கள் இணைந்து வெளியிட்ட வழிகாட்டி 1 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட துளைக்கு வலையைப் பரிந்துரைத்தது. புகைப்பவர் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும், மிகப் பருத்தவர் எடையைக் குறைத்துவிட்டு வரவேண்டும் என்பதும் அதில் உண்டு.

கூடத்துக்குள் நடப்பது இதுதான். தொப்புளின் கீழ் விளிம்பையொட்டி அரைவட்டமாக வெட்டுவார்கள். தொப்புள் தோல் குடலிறக்கப் பையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கிழியாமல் உரிப்பதில்தான் கைப்பக்குவம் தெரியும். பைக்குள் இருப்பது உயிரோட்டமான இளஞ்சிவப்பாக இருந்தால் உள்ளே தள்ளிவிடலாம். பிறகு துளையின் விளிம்புக்கு உட்புறமாக விரலை விட்டு, தசைநாருக்கும் வயிற்றுச் சவ்வுக்கும் இடையே ஓர் அறையைச் சுற்றிவரப் பிரிப்பார்கள். வலை அங்கேதான் விரியும். எல்லாப் பக்கமும் 3 சென்ரிமீற்றர் மேவ வேண்டும் என்பதால் 2 சென்ரிமீற்றர் துளைக்கு 8 சென்ரிமீற்றர் வட்ட வலை வேண்டும். உள்ளே இருந்து வரும் அழுத்தமே வலையைச் சுவரோடு அமுக்கிப் பிடிக்கிறது, மேயோவின் தையலைப் பிரித்த அதே அழுத்தம். வலைக்கு மேலே துளையை மூடித் தைத்து, தொப்புள் தோலைப் பழையபடி உட்குழிவாகத் தசைநாரோடு ஒரு தையலில் பிடித்துவிட்டால் வேலை முடிந்தது. சிறிய துளையை இடம் மரக்கச் செய்தே முடிக்கலாம். பெரிய துளைக்கும் மிகப் பருத்தவர்களுக்கும் கமராவை விட்டுச் செய்யும் லப்பிரஸ்கோப்பி முறை புண் சீழ்பிடிப்பதைக் குறைக்கிறது.

இங்கேதான் தாமதத்தின் இரண்டாவது விலை தெரிகிறது. குடல் அழுகி, வெட்டி இணைக்க வேண்டிய நிலையில் நோயாளி வந்தால் வயிற்றுக்குள் கிருமி பரவியிருக்கும். அந்த இடத்தில் செயற்கை வலை வைக்கப் பல சத்திரசிகிச்சையாளர்கள் துணியமாட்டார்கள். தையலோடு நிறுத்துவார்கள். ஆக, மிகப் பலவீனமான வயிற்றுக்கு மிகப் பலவீனமான திருத்தம் கிடைக்கிறது, சில ஆண்டுகளில் குடலிறக்கம் திரும்புகிறது.

வலையின் விலை தடையாகும் இடங்களுக்கான மாற்று வழி நம் அயலில்தான் பிறந்தது. மகாராஷ்டிரத்தின் தொண்டாயிச்சா என்ற சிற்றூரில் பணிபுரிந்த ரவீந்திரநாத் தொங்கோங்கர், நுளம்புவலைத் துணியை வெட்டிக் கிருமிநீக்கிக் குடலிறக்கத்துக்குப் பயன்படுத்தி, 2003இல் பல வைத்தியர்களின் அனுபவத்தோடு வெளியிட்டார். முதலில் சிரித்தார்கள். 2016இல் உகண்டாவில் அரைக் குடலிறக்கம் (கவட்டுப் பகுதியில் வருவது) கொண்ட 302 ஆண்களில் நுளம்புவலையையும் கம்பனி வலையையும் ஒப்பிட்ட ஆய்வில், ஓராண்டில் நுளம்புவலைப் பிரிவில் ஒருவருக்கு மட்டுமே நோய் திரும்பியது, மற்றதில் எவருக்கும் இல்லை. அரைப் பகுதியின் முடிவைத் தொப்புளுக்கு அப்படியே பெயர்க்க முடியாதுதான். ஆனாலும் 2022 மார்ச்சில் பேராதனைப் போதனா வைத்தியசாலையே மருந்துத் தட்டுப்பாட்டால் அவசரமற்ற சத்திரசிகிச்சைகளை நிறுத்திய நாட்டில், இந்த ஆய்வை அலுமாரிக்குள் பூட்டிவைக்கக் கூடாது.

பெண்களின் கணக்கில் இன்னொரு சிக்கல். இன்னும் பிள்ளை வேண்டும் என்றிருப்பவருக்கு, வலியோ சிக்கலோ இல்லாதவரை, கடைசிப் பேறு முடியும்வரை பொறுப்பதே நல்லது. இல்லையேல் அடுத்த கர்ப்பம் திருத்தத்தைக் குலைக்கலாம். இது சரியான அறிவுரை. ஆனால் பேறுகால கிளினிக் முடிந்ததும் அந்தப் பெண்ணைத் தேடிப்போய் “இப்போது வாருங்கள் தங்கச்சி” என்று கூப்பிட ஆளில்லை. பிள்ளைக்குத் தடுப்பூசித் திகதி இருக்கிறது, தாயின் தொப்புளுக்குத் திகதி இல்லை. கரோலின் அரசி மறைத்தது வெட்கத்தால். இங்கே பலருக்கு மறைக்க வேண்டிய தேவைகூட இல்லை, யாரும் கேட்பதில்லை.

ஆண்களைத் தள்ளிப்போடவைப்பது சத்திரசிகிச்சைக்குப் பின்னான ஓய்வு. ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது என்பது வழக்கமாகச் சொல்லப்படுவது. சிலர் மூன்று மாதம் என்பார்கள். நாட்கூலிக்குப் போகிறவருக்கு ஆறு வாரம் என்பது அடகுக்கடை. கடலோடிக்கு ஒரு பருவத்தின் கணிசமான பகுதி. இத்தனை கனமான இந்த அறிவுரைக்கு அடியில் இருக்கும் ஆதாரமோ மெல்லியது. அரைக் குடலிறக்கத்தில் வலி அனுமதிக்கும் அளவுக்குச் சில நாட்களிலேயே வேலைக்குத் திரும்பலாம் என்று வழிகாட்டிகள் சொல்லத் தொடங்கிவிட்டன. வலை வைத்த சிறிய தொப்புள் துளைக்கும் ஆறு வாரம் கட்டாயம் என்று நிறுவிய உறுதியான ஆய்வு எதுவும் இல்லை, சத்திரசிகிச்சையாளருக்குச் சத்திரசிகிச்சையாளர் வேறுபடும் வழக்கம்தான். மூட்டை தூக்குபவர் நிறைந்த துறைமுக மாவட்டத்தைவிட அந்த ஆய்வைச் செய்யப் பொருத்தமான இடம் எது?

அதுவரை, வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் வைத்தியசாலைத் துண்டில் எழுதுவதையாவது மாற்றலாம். ‘பாரமான வேலை தவிர்க்கவும்’ என்று எழுதி அனுப்பினால், 50 கிலோ மூட்டை தூக்கிப் பழகியவர் 25 கிலோவைப் பாரமாகவே எண்ணமாட்டார். அடுத்த கிழமையே தூக்குவார். ஒரு ஆள் தூக்கும் சுமைக்கு 1967இலேயே சர்வதேச தொழிலாளர் அமைப்பு 55 கிலோ என்று எண்ணில் எல்லை எழுதியது. வைத்தியசாலைத் துண்டிலும் முதல் இரண்டு கிழமைக்கு எத்தனை கிலோ, அதன்பின் எத்தனை கிலோ, எந்தத் திகதியிலிருந்து முழு மூட்டை என்று எண்ணில் எழுதிக் கொடுத்தால், அதைக் கங்காணியிடம் காட்டி இலேசான வேலை கேட்கவாவது முடியும்.